ஈஜிஎஃப்ஆர் ஏற்பியை அடக்க நான்கு வழிகள்: எந்தக் கேள்விக்கு எது?

ஈஜிஎஃப்ஆர் (செல்சவ்வில் நின்று வளர்ச்சிச் சமிக்ஞையை உள்ளே அனுப்பும் ஏற்பிப் புரதம்) மரபணுவைப் பற்றி ஆய்வு தொடங்குகிறவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒரே வடிவில்தான் வருகிறது. "என் செல்களில் இந்தச் சமிக்ஞை ஈஜிஎஃப்ஆர் வழியாகத்தான் போகிறதா என்று பார்க்க வேண்டும், தடுப்பான் மருந்து வாங்குவதா, ஆன்டிபாடியா, எஸ்ஐஆர்என்ஏ (மரபணுவின் செய்தியை அழிக்கும் சிறு ஆர்என்ஏ) போடுவதா, டிஎன்ஏவை வெட்டும் கிரிஸ்பரால் மரபணுவையே நீக்கிவிடுவதா?" கேட்பவர் இந்த நான்கையும் ஒரே வேலையைச் செய்யும் நான்கு கருவிகளாகக் கருதுகிறார், செலவு, காலம், ஆய்வகத்தில் உள்ள வசதி ஆகியவற்றைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்று நினைக்கிறார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரே செல்வகையில் தடுப்பான் மருந்து சொல்லத்தக்க மாற்றம் எதையும் காட்டாதபோது எஸ்ஐஆர்என்ஏ செல்களைச் சாகடித்ததைக் கண்டு, இரண்டில் ஒன்று பிழை என்று பல வாரங்கள் தேடிய பிறகே, இரண்டு முடிவுகளும் உண்மையாக இருக்கக்கூடும் என்பது எனக்கு உறைத்தது. இந்த நான்கு வழிகளும் ஏற்பியின் வாழ்வில் நான்கு வெவ்வேறு இடங்களில் கை வைக்கின்றன. ஆகவே அவை விடை சொல்லும் கேள்விகளும் வெவ்வேறு.

## ஏற்பி என்ன செய்கிறது

எந்த இடத்தில் கை வைக்கிறோம் என்பதைப் பேசும் முன் இடங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஈஜிஎஃப்ஆர் மரபணு மனிதரின் 7ஆம் குரோமோசோமின் குறுங்கையில் 28 எக்சான்களில் (மரபணுவின் செய்தித் துண்டுகள்) பரவியிருக்கிறது. அது ஆக்கும் புரதம் 1210 அமினோ அமிலங்கள் நீளமுடையது; முன்னால் உள்ள 24 அமினோ அமிலங்கள் புரதத்தைச் செல்சவ்வுக்கு அனுப்பும் முகவரிச்சீட்டாகப் பயன்பட்டு வெட்டப்பட்டுவிடுவதால், முதிர்ந்த ஏற்பியில் 1186 எஞ்சுகின்றன. சர்க்கரைச் சங்கிலிகள் ஏறிய நிலையில் அது வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் காணும் சோதனை) 170 கிலோடால்டன் அருகே தெரியும்.

இந்த 24 வேறுபாடு ஒரு தொல்லையையும் விட்டுச்சென்றிருக்கிறது. நுரையீரல் புற்றில் பெயர்பெற்ற 858ஆம் இடத்து லியூசின் மாற்றம் முழுப் புரதத்தின் எண்ணிக்கைப்படி சொல்லப்படுகிறது. ஆனால் 1068ஆம் இடத்து டைரோசின் (ஓர் அமினோ அமிலம்) என்று ஆன்டிபாடிப் புட்டிகளில் அச்சிடப்படுவது முதிர்ந்த புரதத்தின் எண்ணிக்கை. அதே டைரோசின் வேறு புட்டியில் 1092 என்று இருக்கும். வெவ்வேறு இரண்டு டைரோசின்களை அளந்தோம் என்று நம்பி, ஒன்றையே இருமுறை அளந்தவர்கள் உண்டு.

செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் ஈஜிஎஃப், டிஜிஎஃப்-ஆல்ஃபா, ஆம்ஃபிரெகுலின் உள்ளிட்ட ஏழு லிகண்டுகளில் (ஏற்பியில் அமர்ந்து அதைத் தூண்டும் மூலக்கூறுகள்) ஒன்று வந்து அமரும்போது, மடங்கிக் கிடந்த ஏற்பி விரிந்து, தன் இனத்தைச் சேர்ந்த இன்னொரு ஏற்பியோடு இணைசேர்கிறது. உள்ளே இருக்கும் இரு கைனேஸ் பகுதிகளும் (பாஸ்பேட்டை ஏற்றும் நொதிப் பகுதிகள்) சமமாக நிற்பதில்லை. ஒன்று மற்றொன்றை முட்டித் தள்ளி விழிக்கச் செய்கிறது. விழித்த கைனேஸ் வால்பகுதியின் டைரோசின்களில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அந்த டைரோசின்களில் கிரப்2 புரதம் ஒட்டிக்கொள்ள, எஸ்ஓஎஸ், ராஸ், ராஃப், மெக், ஈஆர்கே என்று சமிக்ஞை கைமாறுகிறது. பக்கவழியாகப் பிஐ3கே, ஏகேடி ஆகியவையும் எழுகின்றன. ஈஜிஎஃப் கொடுத்த 5 முதல் 10 நிமிடங்களில் ஈஆர்கே உச்சம் தொட்டுவிடும். பிறகு சிபிஎல் என்ற புரதம் ஏற்பியில் யூபிகுவிட்டின் குறியை இட்டு, உள்ளிழுத்துச் சிதைக்க அனுப்புகிறது.

இணைசேரும் துணை எப்போதும் இன்னொரு ஈஜிஎஃப்ஆராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அதன் குடும்பத்தில் நால்வர். ஹெர்2 தனக்கென லிகண்ட் இல்லாதது. ஹெர்3 கைனேஸ் திறன் மிகக் குறைந்தது. இந்த உறவு முறைகள் பின்னால் நம் முடிவுகளைக் குழப்பப் போகின்றன.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், எது நிற்கிறது என்பது: லிகண்ட் அமர்வதா, கைனேஸ் வேலையா, புரதத்தின் இருப்பா, மரபணுவா? இரண்டாவது வேகம். ஐந்து நிமிடத்தில் உச்சம் தொடும் சமிக்ஞையை மூன்று நாள் கழித்து வேலைசெய்யும் கருவியால் அடக்கினால், இடைப்பட்ட மூன்று நாளில் செல் தன்னைத் தகவமைத்துக்கொண்டிருக்கும். மூன்றாவது, எவ்வளவு எஞ்சுகிறது என்பது. நான்காவது, குறி தவறி வேறு எதன்மேல் விழுகிறது என்பது. ஐந்தாவது, அடக்கியதை விடுவித்துப் பார்க்க முடியுமா என்பது. ஆறாவதாக மறைசெலவு: கருவியின் விலைப்பட்டியலில் இல்லாமல், அது தரும் முடிவைப் பிறர் நம்பும்படி செய்வதற்காகச் செய்ய வேண்டியிருக்கும் கூடுதல் சோதனைகள். பெரும்பாலான திட்டங்கள் தடுமாறுவது இந்த ஆறாவதில்தான் என்பது என் அனுபவம். ஆனால் முதலாவதைத் தெளிவாகச் சொல்ல முடியாதவர் மற்ற ஐந்தையும் எடைபோடுவதில் பயனில்லை.

## சிறுமூலக்கூறுத் தடுப்பான்

ஜெஃபிடினிப், எர்லோடினிப் ஆகியவை கைனேஸ் பகுதியில், பாஸ்பேட்டைத் தரும் ஏடிபி மூலக்கூறு அமரும் குழியில் போய் அமர்ந்துகொள்கின்றன. ஏற்பி செல்சவ்வில் அப்படியே இருக்கிறது. லிகண்டும் வந்து அமர்கிறது. பாஸ்பேட் ஏறுவது மட்டும் நின்றுவிடுகிறது. ஒரு மணிநேரத்துக்குள் விளைவு தெரியும். இவ்விரண்டும் பிணைந்து விலகும் தன்மையுடையவை என்பதால், ஊடகத்தை மாற்றிக் கழுவிவிட்டால் ஏற்பி மீண்டும் வேலைக்குத் திரும்பும். அஃபாடினிப், ஓசிமெர்டினிப் ஆகியவையோ 797ஆம் இடத்துச் சிஸ்டைனோடு நிரந்தரமாகப் பிணைந்துவிடுகின்றன. அவற்றைக் கழுவி அகற்ற முடியாது, செல் புதிய ஏற்பிகளை ஆக்கும்வரை காத்திருக்க வேண்டும். விடுவித்துப் பார்ப்பது உங்கள் திட்டத்தில் இருந்தால் முதல் வகையே உதவும்.

எந்தத் தடுப்பான் என்பதைச் செல்லின் மரபணுநிலையும் தீர்மானிக்கிறது. மாற்றமில்லாத ஏற்பியைப் படிக்கும்போது ஓசிமெர்டினிப்பைத் தேர்ந்தெடுப்பது பொருத்தமில்லை; அது மாற்றமடைந்த ஏற்பியையே முதன்மையாகப் பிடிக்கும்படி வடிவமைக்கப்பட்டது. எச்1975 என்ற நுரையீரல் புற்றுச் செல்களில் 790ஆம் இடத்தில் திரியோனின் மெத்தியோனினாக மாறியிருப்பதால் ஜெஃபிடினிப் அங்கே எடுபடாது. அஃபாடினிப், லபாடினிப் ஆகியவை ஹெர்2வையும் சேர்த்தே அடக்கும். எனவே அவற்றைப் போட்டுவிட்டு "இது ஈஜிஎஃப்ஆரின் வேலை" என்று எழுதுவது பாதி உண்மை.

குறி தவறுவதைப் பற்றி ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஜெஃபிடினிப்பும் எர்லோடினிப்பும் ஜிஏகே என்ற வேறொரு கைனேஸையும் வலுவாகப் பிடிக்கின்றன. ஜிஏகே செய்யும் வேலைகளில் ஒன்று, கிளாத்ரின் உறையிட்ட குமிழிகளின் உறையைக் கழற்ற உதவுவது. அதாவது ஏற்பிகள் உள்ளிழுக்கப்படும் அதே பாதையில் அது நிற்கிறது. ஈஜிஎஃப்ஆர் உள்ளிழுக்கப்படுவதற்குக் கைனேஸ் வேலை தேவையா என்று கேட்பவர் இந்த மருந்துகளைப் போட்டால், விளைவு ஏற்பியை அடக்கியதால் வந்ததா, குமிழியின் உறை கழலாததால் வந்ததா என்பதைப் பிரிக்க வழியில்லாமல் போகும். அமைப்பில் வேறுபட்ட இரண்டு தடுப்பான்கள் ஒரே விளைவைத் தருகின்றனவா என்று பார்ப்பது வழக்கமான தற்காப்பு. ஆனால் ஜெஃபிடினிப்பும் எர்லோடினிப்பும் ஒரே வேதியியல் குடும்பத்தைச் சேர்ந்தவை, இருவரும் ஜிஏகேயைப் பிடிப்பவர்கள். அந்த இணையைக் காட்டி "இரண்டு மருந்துகளால் உறுதிசெய்தோம்" என்று சொல்வதில் பொருள் குறைவு.

இதைவிட வலுவான சான்று வேறிடத்தில் கிடைக்கிறது. 790ஆம் இட மாற்றமுடைய ஏற்பியைச் செல்லுக்குள் கொடுத்து, ஜெஃபிடினிப் இருக்கும்போதே விளைவு திரும்புகிறதா என்று பார்க்கலாம். திரும்பினால், மருந்து ஈஜிஎஃப்ஆர் வழியாகத்தான் வேலைசெய்தது என்று துணிந்து சொல்லலாம்.

மறைசெலவுகள் இன்னும் இரண்டு. இந்த மருந்துகள் சீரத்தில் உள்ள புரதங்களோடு பெருமளவு ஒட்டிக்கொள்வதால், சீரமில்லாத ஊடகத்தில் கண்டறிந்த அளவு சீரமுள்ள ஊடகத்தில் பொருந்தாது. இரு நிலைகளிலும் அளவு வளைகோட்டைத் தனித்தனியே வரைய வேண்டும். அடுத்தது, நாள்கணக்கில் மருந்தை வைத்திருந்தால் செல் ஹெர்3ஐ மேலேற்றி ஏகேடி சமிக்ஞையை மீட்டெடுப்பது நன்கு அறியப்பட்டது. தடுப்பானின் பலம் முதல் சில மணிநேரங்களில் இருக்கிறது. மூன்று நாள் சோதனைக்கு அதைப் பயன்படுத்துகிறவர் தன் கருவியின் முதன்மையான சிறப்பைத் தூக்கியெறிகிறார்.

## ஆன்டிபாடி

செடுக்சிமாப் ஏற்பியின் வெளிப்பகுதியில் மூன்றாம் களத்தைப் பிடித்து, லிகண்ட் அமரும் இடத்தை மறைப்பதோடு, ஏற்பி விரிவதையும் தடுக்கிறது. பானிடுமுமாபும் அதே களத்தையே பிடிக்கிறது.  சிறுமூலக்கூறோடு ஒப்பிட்டால் குறி தவறுவது இங்கே மிகக் குறைவு. செல்லுக்குள் இவை தாமாக ஊடுருவுவதில்லை என்பதே இவற்றின் வரம்பு; அந்த வரம்பையே கருவியாக மாற்றிக்கொள்ளலாம் என்பதால்தான் இந்தப் பகுதியை எழுதுகிறேன்.

ஜி-புரத இணை ஏற்பி என்ற வேறு வகை ஏற்பி ஒன்றைத் தூண்டும்போது ஈஆர்கே எழுகிறது, ஜெஃபிடினிப் அதை அடக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. ஒன்று, செல்சவ்வில் உள்ள ஆடம் வகை புரதவெட்டி நொதி, சவ்வில் கட்டுண்டிருந்த எச்பி-ஈஜிஎஃப் லிகண்டை வெட்டி விடுவிக்க, அது வெளியிலிருந்து ஈஜிஎஃப்ஆரைத் தூண்டியிருக்கலாம். மற்றொன்று, சார்க் (Src) போன்ற கைனேஸ் உள்ளிருந்தபடியே ஈஜிஎஃப்ஆரில் பாஸ்பேட்டை ஏற்றியிருக்கலாம். எஸ்ஐஆர்என்ஏவும் கிரிஸ்பரும் இவ்விரண்டையும் பிரித்துச் சொல்லா. ஏற்பியே இல்லாவிட்டால் இரு வழியும் அடைபட்டுப்போகும். ஆன்டிபாடி மட்டுமே வெளிவாசலை மூடிவிட்டு உள்வாசலைத் திறந்து வைக்கிறது. செடுக்சிமாப் போட்டதும் ஈஆர்கே அடங்கினால் லிகண்ட் வெளியே இருந்தது. ஜெஃபிடினிப்புக்கு மட்டும் அடங்கினால் உள்வழியைத் தேட வேண்டும். சமிக்ஞை எங்கிருந்து தொடங்குகிறது என்பது கேள்வியாக இருக்கும்வரை, இந்த இணைக்கு நிகரான சோதனை நான் அறிந்தவரை வேறில்லை.

மறைசெலவுக்கு வருவோம். ஆன்டிபாடிக்கு இரண்டு கைகள். அது இரண்டு ஏற்பிகளைச் சேர்த்துப் பிடித்து, உள்ளிழுக்கப்பட வைக்கும். சில செல்களில் அது தானே சிறிதளவு பாஸ்பேட்டை ஏற்றுவதும் பதிவாகியுள்ளது. எனவே நெடுநேரம் விட்டுவைத்தால், லிகண்டைத் தடுத்தோமா, ஏற்பியின் எண்ணிக்கையையே குறைத்தோமா என்பது மங்கிவிடும். ஒற்றைக்கைத் துண்டாகிய ஃபாப் வடிவத்தையும் உடன் வைத்துப் பார்ப்பது நல்லது. செடுக்சிமாப் எலியின் ஏற்பியைப் பிடிப்பதில்லை. எலிச் செல்களில் ஒன்றும் நிகழவில்லை என்று வியப்பவர்கள் முதலில் இதைச் சரிபார்க்கட்டும். லிகண்ட் இல்லாமலேயே விழித்திருக்கும் ஏற்பிவடிவங்கள், எடுத்துக்காட்டாக 2 முதல் 7 வரையிலான எக்சான்களை இழந்த மூன்றாம் மாற்றுவடிவம், லிகண்டின் வாசலை மூடுவதால் அடங்கிவிடும் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

## எஸ்ஐஆர்என்ஏ

21 எழுத்து நீளமுடைய இரட்டை இழை ஆர்என்ஏ, செல்லின் சொந்த ஆர்என்ஏ குறுக்கீட்டு இயந்திரத்தை ஏவி, ஈஜிஎஃப்ஆரின் தூது ஆர்என்ஏவை வெட்டச் செய்கிறது. புதிய புரதம் வருவது நிற்கிறதே தவிர, ஏற்கெனவே சவ்வில் உள்ள புரதம் தன் ஆயுள் முடியும்வரை இருக்கும். தூண்டப்படாத செல்களில் ஈஜிஎஃப்ஆர் நீண்ட ஆயுளுடைய புரதம் என்பதால் 48 முதல் 72 மணிநேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. 24 மணிநேரத்தில் தூது ஆர்என்ஏ குறைந்துவிட்டதைக் காட்டிவிட்டுச் சமிக்ஞைச் சோதனைக்குப் போகிறவர்கள், புரதம் பெரும்பாலும் அப்படியே இருக்கும் செல்களைச் சோதிக்கிறார்கள்.

இந்த வழியின் உண்மையான சிக்கல் எஞ்சுவதில் இருக்கிறது. ஒரு செல்லில் 1 லட்சம் ஏற்பிகள் இருப்பதாகவும், எஸ்ஐஆர்என்ஏ 80 விழுக்காட்டைக் குறைத்ததாகவும் கொள்வோம். வெஸ்டர்ன் பிளாட்டில் பட்டை ஏறக்குறைய மறைந்துவிடும்; பார்ப்பதற்கு நிறைவாக இருக்கும். ஆனால் எஞ்சிய 20,000 ஏற்பிகள் ஈஆர்கேயை முழு உச்சத்துக்கு எழுப்பப் பல செல்களில் போதுமானவை; ராஸ் முதல் ஈஆர்கே வரையிலான ஒவ்வொரு படியும் சமிக்ஞையைப் பெருக்குகிறது. ஏ431 போன்ற புற்றுச் செல்களில் ஏற்பிகள் பத்து லட்சத்தைத் தாண்டும். அங்கே 90 விழுக்காடு குறைத்தாலும் எஞ்சுவது ஒரு சாதாரணச் செல்லின் முழு இருப்பு. இப்படிப்பட்ட நிலையில் மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் ஈஜிஎஃப் கொட்டிவிட்டு, "ஏற்பியைக் குறைத்தும் ஈஆர்கே குறையவில்லை, ஆகவே வேறு ஏற்பி இருக்கிறது" என்று முடிவுகட்டுவது தவறு. உபரி ஏற்பிகள் உள்ள செல்லில் அவற்றின் எண்ணிக்கையைக் குறைத்தால் முதலில் குறைவது உச்சம் அன்று. அதே விளைவைப் பெறத் தேவைப்படும் லிகண்டின் அளவு கூடுகிறது. மில்லிலிட்டருக்கு 1 அல்லது 2 நானோகிராம் அளவில் சோதித்தால் மறைந்திருந்த வேறுபாடு வெளிப்படும். இந்த ஓர் அறிவுரையை மட்டும் ஒருவர் எடுத்துக்கொண்டாலும் எனக்கு நிறைவே.

குறி தவறுவது இங்கே வேறு வகையானது. எஸ்ஐஆர்என்ஏவின் இரு இழைகளில் குறியைத் தேடும் வழிகாட்டி இழையின் 2 முதல் 8 வரையிலான எழுத்துகள் மட்டும் பொருந்தினாலே, தொடர்பில்லாத பல தூது ஆர்என்ஏக்கள் அமுங்கக்கூடும். ஆகவே வெவ்வேறு இடங்களைக் குறிவைக்கும் இரண்டு மூன்று எஸ்ஐஆர்என்ஏக்களைத் தனித்தனியே சோதிப்பதும், அவற்றால் வெட்டப்படாத வடிவில் எழுதிய ஈஜிஎஃப்ஆரைத் திருப்பிக்கொடுத்து விளைவு மீள்கிறதா என்று பார்ப்பதும் கட்டாயம். திருப்பிக்கொடுக்கும்போது இயல்பான அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது கடினமான வேலை. அளவு மீறினால் ஏற்பி லிகண்ட் இல்லாமலேயே விழித்துக்கொள்ளும். எஸ்ஐஆர்என்ஏவைச் செல்லுக்குள் செலுத்தும் டிரான்ஸ்ஃபெக்ஷன் கலவையே செல்லின் அடிநிலைச் சமிக்ஞைகளைக் கலைக்கும் என்பதால், ஒன்றும் போடாத செல்லோடு ஒப்பிடாமல், குறியற்ற எஸ்ஐஆர்என்ஏ பெற்ற செல்லோடுதான் ஒப்பிட வேண்டும்.

## கிரிஸ்பர்

காஸ்9 நொதியை 20 எழுத்து வழிகாட்டி ஆர்என்ஏ ஈஜிஎஃப்ஆர் மரபணுவுக்கு அழைத்துச் சென்று வெட்டவைக்கிறது; செல் வெட்டை ஒட்டும்போது எழுத்துகள் கூடியோ குறைந்தோ மரபணு கெட்டுப்போகிறது. எச்சம் இல்லை என்பதுதான் இதன் ஈர்ப்பு. எஸ்ஐஆர்என்ஏவின் 20 விழுக்காட்டுத் தொல்லையிலிருந்து விடுதலை கிடைக்கும் என்று எல்லோரும் இதை நாடுகிறார்கள். அந்த விடுதலை கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் இரண்டு நிபந்தனைகளுக்கு உட்பட்டு.

முதலாவது, உண்மையிலேயே ஒன்றும் எஞ்சவில்லையா என்பது. வழிகாட்டி ஆர்என்ஏ கைனேஸ் பகுதியில் வெட்டினால், வெளிப்பகுதியும் சவ்வைக் கடக்கும் பகுதியும் மட்டும் கொண்ட அரை ஏற்பி உருவாகக்கூடும். அது லிகண்டைப் பிடிக்கும், துணையோடு இணைசேரும், ஆனால் வேலை செய்யாது. நல்ல ஏற்பிகளையும் குடும்பத்தினரையும் முடக்கிப்போடும். வால்பகுதியை அறியும் ஆன்டிபாடியால் பார்த்தால் புரதமே இல்லை என்று காட்டும். எனவே செல்லைத் துளையிடாமல், வெளிப்பகுதியை அறியும் ஆன்டிபாடியால் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களை ஒவ்வொன்றாக ஒளியால் அளக்கும் முறை) ஒருமுறை பார்த்துவிடுவது பல மாத வேலையைக் காப்பாற்றும்.

இரண்டாவது, காலம். வெட்டி, ஒற்றைச் செல்லாகப் பிரித்து, வளர்த்து, வரிசைகாட்டி உறுதிசெய்ய இரண்டு மாதங்கள் ஓடிவிடும். அத்தனை நாள் ஏற்பியின்றி வாழக் கற்றுக்கொண்ட செல்லைத்தான் நீங்கள் சோதிக்கிறீர்கள். ஏற்பியின்றி வாழ முடியாதவை வழியிலேயே இறந்திருக்கும். நுரையீரல் புற்றுச் செல்லான பிசி-9 போல ஈஜிஎஃப்ஆரை நம்பியே உயிர்வாழும் செல்களில் பிழைத்த குளோன் (ஒற்றைச் செல்லிலிருந்து வளர்ந்த கூட்டம்) என்பதே ஐயத்துக்குரியது. பிழைத்தவற்றிலும் குளோனுக்குக் குளோன் இயல்பு மாறும் என்பதால் மூன்று குளோன்களாவது தேவை.

இந்தப் பின்னணி வேறுபாடு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கு 1995இல் வெளியான எலி ஆய்வுகள் சான்று. ஈஜிஎஃப்ஆர் மரபணு நீக்கப்பட்ட எலிகள் சிஎஃப்-1 என்ற எலி மரபுவழியில் கருப்பையில் பதியும் காலத்திலேயே இறந்தன. 129 வழியில் கருக்காலத்தின் நடுவில் நஞ்சுக்கொடிக் குறையால் இறந்தன. சிடி-1 வழியில் பிறந்து மூன்று வாரம்வரை வாழ்ந்தன. மரபணு ஒன்று, நீக்கம் ஒன்று, சுற்றியுள்ள மரபணுக்கள் மட்டுமே வேறு. செல்வகைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மரபணு பெருகியிருக்கும் ஏ431 போன்ற செல்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே ஒரே வழிகாட்டி பல இடங்களில் ஒருங்கே டிஎன்ஏவை வெட்டுகிறது. அந்தச் சேதமே செல்லின் வளர்ச்சியை நிறுத்தும், அதை ஈஜிஎஃப்ஆர் இழப்பின் விளைவாக வாசித்துவிடுவது எளிது. அத்தகைய செல்களில் வெட்டாமல் மரபணுவை அமுக்கிவைக்கும் கிரிஸ்பர் குறுக்கீட்டு முறையே தகுந்தது. சாதாரணச் செல்களிலும், எங்கும் வெட்டாத வழிகாட்டியைவிட, தீங்கற்ற ஓரிடத்தை வெட்டும் வழிகாட்டியே நேர்மையான ஒப்பீடு.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | தடுப்பான் | ஆன்டிபாடி | எஸ்ஐஆர்என்ஏ | கிரிஸ்பர் |
|---|---|---|---|---|
| எது நிற்கிறது | கைனேஸ் வேலை | லிகண்ட் அமர்வது | புதிய புரதம் | மரபணு |
| வேகம் | ஒரு மணிக்குள் | ஒரு மணி அளவில் | 2 முதல் 3 நாள் | வாரங்கள், மாதங்கள் |
| எஞ்சுவது | அளவைப் பொறுத்து மிகக் குறைவு | லிகண்ட் தேவைப்படாத வேலை | 10 முதல் 30 விழுக்காடு புரதம் | சரிபார்த்தால் இல்லை |
| குறி தவறுதல் | ஜிஏகே, சிலவற்றில் ஹெர்2 | மிகக் குறைவு | 2 முதல் 8 வரையிலான எழுத்துப் பொருத்தம் | பிற வெட்டுகள், குளோன் வேறுபாடு |
| மீட்பு | ஜெஃபிடினிப்பில் எளிது | கடினம் | சில நாளில் தானே | திருப்பிக்கொடுத்தால் மட்டும் |
| மறைசெலவு | எதிர்ப்பு மாற்றமுள்ள ஏற்பி | ஃபாப் துண்டு | வெட்டப்படாத வடிவம் | பல குளோன்கள் |

## எந்த நிலையில் எதை எடுப்பது

ஈஜிஎஃப் கொடுத்த முதல் ஒரு மணிநேரத்தில் நடப்பதே உங்கள் அக்கறை என்றால் ஜெஃபிடினிப்பில் தொடங்குங்கள். எஸ்ஐஆர்என்ஏவும் கிரிஸ்பரும் அந்தக் காலஅளவில் பேசும் மொழி தெரியாதவை. எலியின் பிசி12 செல்களில் ஈஜிஎஃப் தரும் குறுகிய ஈஆர்கே எழுச்சி பெருக்கத்துக்கும், நரம்பு வளர்ச்சிக் காரணி தரும் நீண்ட எழுச்சி உருமாற்றத்துக்கும் இட்டுச்செல்வதை நினைவில் கொண்டால், சமிக்ஞையை நடுவில் நிறுத்திப் பார்க்கும் வசதி எத்தனை மதிப்புள்ளது என்பது விளங்கும். 20ஆம் நிமிடத்தில் மருந்தைச் சேர்த்துச் சமிக்ஞையின் நீளத்தைக் குறுக்க வேறு எந்தக் கருவியாலும் இயலாது.

லிகண்ட் எங்கிருந்து வருகிறது என்பது கேள்வியானால் ஆன்டிபாடியையும் தடுப்பானையும் இணையாக எடுங்கள். பல நூறு மரபணுக்களில் ஒன்றாக ஈஜிஎஃப்ஆரை வடிகட்டும் முதல்நிலைச் சோதனைக்கும், குளோனாக வளர்க்க முடியாத முதன்மைச் செல்களுக்கும் எஸ்ஐஆர்என்ஏ போதும். மாற்றமடைந்த ஏற்பிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொடுத்து, எந்த டைரோசின் எதைச் செய்கிறது என்று படிக்கப்போகிறவர்கள் இரண்டு மாதத்தைச் செலவிட்டுக் கிரிஸ்பர் செல்வகையை உருவாக்கியே ஆக வேண்டும். சொந்த ஏற்பி சிறிதளவு இருந்தாலும் திருப்பிக்கொடுத்ததோடு அது இணைசேர்ந்து கணக்கைக் கெடுத்துவிடும். அதற்கும் ஒரு குறுக்குவழி உண்டு: சிஎச்ஓ (சீன வெள்ளெலியின் சூலகச் செல்வகை) செல்களில் ஈஜிஎஃப்ஆர் இயல்பாகவே இல்லை. உங்கள் கேள்வி மனிதச் செல்லின் சூழலைச் சாராதது என்றால் எதையும் நீக்காமல் அங்கேயே தொடங்கலாம்.

புரோடாக் என்ற சிதைப்பான்கள் இந்தப் பட்டியலில் ஐந்தாவதாக வரத் தகுந்தவை. ஜெஃபிடினிப்பின் ஒரு முனையில் யூபிகுவிட்டின் இயந்திரத்தை அழைக்கும் மூலக்கூறைக் கட்டி, புரதத்தையே சில மணிநேரத்தில் சிதைக்கச் செய்வது அவற்றின் வழி. ஆனால் பிடிக்கும் முனை கைனேஸையும் அடக்கும் என்பதால், சிதைத்ததன் விளைவு எது, அடக்கியதன் விளைவு எது என்பதைப் பிரிக்க, சிதைக்க இயலாத இணை மூலக்கூறும் உடன் தேவை.

## முடிவுகள் முரண்படும்போது

தொடக்கத்தில் சொன்ன நிலைக்குத் திரும்புகிறேன்: தடுப்பான் ஒன்றும் செய்யவில்லை, எஸ்ஐஆர்என்ஏ செல்லைக் கொல்கிறது. எஸ்ஐஆர்என்ஏ குறி தவறியிருக்கலாம் என்ற ஐயம் நியாயமானது. அதை முதலில் தீர்க்க வேண்டும். மூன்று தனி எஸ்ஐஆர்என்ஏக்களும் கொன்று, வெட்டப்படாத ஏற்பியைத் திருப்பிக்கொடுத்தால் செல் பிழைக்கிறது என்றால், கைனேஸ் வேலையைச் சாராத ஒரு பணி ஈஜிஎஃப்ஆருக்கு அந்தச் செல்லில் இருக்கிறது என்று கருத இடமுண்டு. எஸ்ஜிஎல்டி1 என்ற குளுக்கோஸ் கடத்தியோடு ஈஜிஎஃப்ஆர் இணைந்து அதை நிலைநிறுத்துகிறது, கைனேஸ் வேலை அதற்குத் தேவையில்லை என்று 2008இல் புற்றுச் செல்களைக் கொண்டு காட்டப்பட்டது; ஏற்பியை நீக்கினால் குளுக்கோஸ் குறைந்து செல் தன்னைத் தானே தின்று மடிகிறது, கைனேஸை மட்டும் அடக்கினால் அப்படி நடப்பதில்லை.

அடுத்த படி, ஏடிபியைப் பிடிக்கும் 745ஆம் இடத்து லைசினை மாற்றிக் கைனேஸை ஊமையாக்கிய ஏற்பியைத் திருப்பிக்கொடுப்பது. அதுவும் செல்லைக் காப்பாற்றினால், இருப்பு போதும், வேலை தேவையில்லை என்ற வாதம் வலுப்பெறும். அப்போதும் ஓர் ஓட்டை மீதம்: ஊமை ஏற்பி தன்னால் பாஸ்பேட் ஏற்ற முடியாவிட்டாலும், இணைசேர்ந்த ஹெர்2வை முட்டி விழிக்கச் செய்ய வல்லது. ஊமை ஏற்பி கொடுத்த அதே செல்லில் லபாடினிப்பைச் சேர்த்து, செல் அப்போதும் பிழைக்கிறதா என்று பார்த்த பிறகே "இருப்பு போதும், வேலை தேவையில்லை" என்ற வாக்கியத்தை நான் எழுதினேன்.